ஐந்தரை மணி நேரம் பிந்திய கேட் கம்ப்யூட்டர்

எண்ணூர் போகும் சாலையில், லாரிகள் வரிசைகட்டி நிற்கும் ஒரு கன்டெய்னர் யார்டில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். அங்கிருந்த கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான் ஆள். மணலிப் பக்கத்திலிருந்து காற்று அடித்தால் தொண்டை எரியும். கரித்தூசி மானிட்டர் மேல் படிந்தால் துடைப்பதும் நான்தான்.

கேட்டில் இருந்த கம்ப்யூட்டர்தான் வருகைப் பதிவுக்கு. தொழிலாளர்கள் கைரேகை வைத்தால் அது நேரத்தைப் பதியும். செக்யூரிட்டிகள் வீடியோ பார்க்கிறார்கள் என்று மேனேஜர் அதன் இன்டர்நெட்டைப் பிடுங்கச் சொன்னார். பிடுங்கினேன். அதனால் சரியான நேரத்தை வெளியிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ள அதற்கு வழியில்லை. ஆன் ஆகும்போது, போர்டில் பேட்டரியில் ஓடும் சின்னக் கடிகாரத்தைப் பார்த்துத் தன் நேரத்தை வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

அந்தச் சின்னக் கடிகாரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பிந்திய கிரீன்விச் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஒருமுறை ஹார்ட் டிஸ்க் போய், எல்லாவற்றையும் புதிதாகப் போட்டபோது, உள்ளே ஓடுவது எந்த ஊர் நேரம் என்று கம்ப்யூட்டர் என்னிடம் கேட்டது. ஆபீஸில் மற்ற மிஷின்கள் எல்லாம் நம்மூர் நேரத்தில் ஓடுபவை. அந்தப் பழக்கத்தில் 'உள்ளூர் நேரம்' என்று கொடுத்துவிட்டேன். விளைவு, ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் அது ஐந்தரை மணி நேரம் பின்னால் போய் நிற்கும். நான் வந்து கையால் சரியான நேரத்தைப் போட்டு, தப்பாகப் பதிந்த வருகைகளையும் திருத்துவேன். நிரந்தரமாகச் சரிசெய்ய ஒரு வரி மாற்றினால் போதும். நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று நான்கு மாதம் ஓட்டினேன்.

அங்கே கன்டெய்னர் கதவுகளுக்கு வெல்டிங் வைக்கும் ஒருவர் இருந்தார். கான்ட்ராக்ட் ஆள், புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் வீடு. காலையில் நான் கேட்டில் குனிந்திருந்தால், "இன்னாம்மா, இன்னிக்கும் மிஷினுக்கு பேஜாரா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

ஒரு நாள் காலை ஏழு மணிக்குக் கரண்ட் போய் வந்தது. ஏழு நாற்பதுக்கு அவரும் இன்னும் பதின்மூன்று பேரும் கைரேகை வைத்தார்கள். கம்ப்யூட்டர் இரண்டு பத்து என்று பதிந்தது, விடியற்காலை இரண்டு பத்து. சாஃப்ட்வேர் அத்தனை பேரையும் நைட் ஷிஃப்டில் சேர்த்துவிட்டது. ஒன்பது மணிக்கு நான் வந்து நேரத்தை மட்டும் மாற்றினேன். சாப்பிட்ட பிறகு வருகைகளைத் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டேன்.

பதினோரு மணிக்கு, கீல் அறுந்த கன்டெய்னர் கதவு ஒன்று அவருடைய வலது காலில் விழுந்தது. ஆபீஸ் வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பாதத்தில் பாதியை எடுக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். "அந்த ஆளோட என்ட்ரிய மட்டும் ஒரு பிரின்ட் எடும்மா."

எடுத்த பிறகுதான் இரண்டு பத்து கண்ணில் பட்டது. "சார், இது தப்பான டைம். எல்லாருக்கும் அப்படித்தான் விழுந்திருக்கு. இன்னும் திருத்தல."

"மத்தவங்களோடத திருத்திடு. இத தொடாத, கேஸ் விஷயம்."

"சார், அவர் காலையிலதான் வந்தாரு."

மேனேஜர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மிஷின் தப்புன்னா, மிஷினப் பாத்துக்குற ஆள் யாரும்மா?"

என் சீட்டுக்குப் போய்ப் பதின்மூன்று பேருடையதையும் ஏழு நாற்பது என்று திருத்தினேன். ஒன்றை விட்டுவைத்தேன். மிஷின்தான் தப்பு என்பதற்கு விசாரணையில் வலுவான சாட்சியாக இருந்திருக்க வேண்டிய பதின்மூன்று வரிகளை என் கையாலேயே அழித்தேன்.

அவர் லேபர் ஆபீஸில் நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டார். நைட் ஷிஃப்ட் காலை ஆறு மணிக்கு முடிந்துவிட்டது, பதினோரு மணிக்கு அவர் அனுமதியில்லாமல் உள்ளே இருந்திருக்கிறார் என்பது கம்பெனியின் வாதம். கூட வேலை செய்தவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் அதே கான்ட்ராக்டரிடம்தான் மறுநாளும் போய் நிற்க வேண்டும். விசாரணையில் என்னைக் கேட்டார்கள்.

"இந்த நேரத்தை யாராவது கையால போட்டாங்களா?"

"இல்ல. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது உள்ள இருக்கற கடிகாரத்துலேர்ந்து தானா எடுத்துக்கும்."

"அந்த என்ட்ரிய யாராவது திருத்தினாங்களா?"

"இல்ல."

எல்லாம் உண்மை. எதிரே ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் உட்கார்ந்திருந்தார். கீழ்க்கோர்ட்டு, மேல்கோர்ட்டு எதுவும் தேவைப்படாமல் அந்த அறையிலேயே அவர் மனுவைத் தள்ளுபடி செய்தார்கள்.

அன்றைக்கே போய் அந்த ஒரு வரியை மாற்றினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுப் பார்த்தேன், நேரம் நொடி பிசகாமல் நின்றது.

மூன்று வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி. கதவைத் திறந்தது அவர் மனைவி. காசிமேட்டில் மீன் விற்பவர், அப்போதுதான் வந்து கை கழுவியிருந்தார். நான் யார் என்று சொன்னதும் உள்ளே வரச் சொல்லவில்லை.

"ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தாளு இதோ இந்த வூட்ல, என் பக்கத்துல தூங்கிகினு இருந்தாரு. அத்த எந்த மிஷின்ல எழுதி வெச்சிகீற?"

வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: நான் தப்பாகக் கொடுத்தது, நான்கு மாதம் தள்ளிப்போட்டது, பதின்மூன்று பேருடையதைத் திருத்தியது. கட்டிலில் இருந்தபடி அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு யாரும் கைய வெக்கலன்னு சொன்னியே, கரீட்டுதான்" என்றார். "வெச்சிருக்கணும்ல?"

எப்போது ஆன் ஆனது, எப்போது நேரம் மாற்றப்பட்டது என்பதைக் கம்ப்யூட்டர் தனக்குள் தானே எழுதிவைக்கும். அந்தப் பதிவையும், நடந்ததை எழுதிக் கையெழுத்திட்ட கடிதத்தையும் அவருடைய வக்கீலிடம் கொடுத்தேன். அடுத்த வாரம் என்னை வேலையைவிட்டு நிறுத்தினார்கள், கம்பெனித் தகவலை வெளியே கொடுத்ததற்காக. மேனேஜருக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு அவருக்குப் பதவி உயர்வு என்று கேள்விப்பட்டேன்.

மனுவை மறுபடி எடுக்கவே ஒரு வருடம் ஆனது. நான் போய் மூன்று முறை சாட்சி சொன்னேன். கம்பெனி வக்கீல், "முதல்ல சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?" என்று கேட்டபோது, முதலில் சொன்னதும் உண்மைதான் என்று சொல்ல எனக்கே அருவருப்பாக இருந்தது.

கடைசியில் வெல்டிங்காரர் பக்கம் தீர்ப்பானது. அதற்குள் இன்னொரு ஆபரேஷன் செய்து, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டிருந்தார்கள். தீர்ப்பைச் சொல்ல அவர் மனைவிதான் போன் செய்தார்.

"ஜெயிச்சிட்டோம்னு வக்கீல் சொல்லச் சொன்னாரு" என்றார். நான் அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்பதற்குள், "இனிமே வூட்டுப் பக்கம் வராதம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

போகவில்லை.