விலைத்துண்டு வெட்டாத உடுப்பு

செலீனுக்கு ஒரு இடத்தில் கால் தரிக்காது. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், அறுபது வயதிலும் அப்படித்தான். யார் வீட்டுக்குப் போனாலும் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடி குடிப்பாள். இருக்கச் சொன்னால் கதிரையின் நுனியில் ஒரு நிமிடம் இருந்துவிட்டு எழும்பி யன்னலடிக்குப் போவாள். "நாய்க்கு வேலையுமில்லை, நிக்க நேரமுமில்லை" என்று அவளுடைய புருஷன் அமிர்தநாதர் பகிடி பண்ணுவார். அவளுக்கு வேலை இருந்தது. கனடாவின் மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடம் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகத் தட்டு அடுக்குகிறாள். ரோமுக்குப் போகிறவரின் தட்டும் பாரிசுக்குப் போகிறவரின் தட்டும் அவள் கைபட்டுத்தான் மேலே ஏறும். அவள் விமானம் ஏறியது இரண்டே முறை. அகதியாக வந்தது ஒன்று, தாயின் செத்தவீட்டுக்குப் போய்வந்தது மற்றது.

என் பெயர் குணவதி. செலீனோடு யாழ்ப்பாணத்தில் ஒரே கொன்வென்ற்றில் ஒரே வகுப்பில் படித்தவள். ரொறன்ரோவில் எங்கள் பழைய மாணவிகள் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். தலைவி மெற்றில்டா அக்கா, எங்களுக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர், றிச்மண்ட் ஹில்லில் பெரிய வீட்டுக்காரி. வருடா வருடம் மண்டபத்தில் கொத்துரொட்டி தின்று அலுத்துவிட்டது, இந்த முறை ஐரோப்பாவுக்குப் பறந்துபோய் அங்கே ஒரு கிழமை கப்பலில் சுற்றுவோம் என்று அவர் அறிவித்தபோது பதினெட்டுப் பேர் கை உயர்த்தினார்கள். செலீனின் கைதான் முதலில் உயர்ந்தது. புருஷன்மாருக்கு அனுமதியில்லை என்றோம். அவர்களில் ஒருவரும் அழவில்லை.

பெண்கள் என்ன கொண்டுபோக வேண்டும், என்ன உடுக்க வேண்டும் என்ற பட்டியலை எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. கப்பல்காரர் அனுப்பிய மின்னஞ்சலைப் பார்த்துப் பத்து வரி எழுதினேன். அங்கே தெருவெல்லாம் கல் பாவியது, ஆகையால் குதியில்லாத, காலுக்குப் பழகிய சப்பாத்து. புதுச் சப்பாத்தோடு வந்து கொப்புளம் போட்டு நொண்டுகிறவர்களுக்குச் சங்கம் பொறுப்பல்ல. கப்பலுக்குள் ஏசி உறைய வைக்கும், ஒரு கம்பளிச் சட்டை. தேவாலயங்களுக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஒரு சால்வை. கசங்காத துணி, குறுக்கே மாட்டுகிற சின்னக் கைப்பை. தாலிக்கொடி பாங்க் லொக்கரிலேயே கிடக்கட்டும்.

இதுவரைக்கும் புத்தியுள்ள வரிகள். பிறகு மெற்றில்டா அக்கா கை வைத்தார். "ஆள் பாதி ஆடை பாதி" என்று தொடங்கி, முதல்நாள் மஞ்சள், இரண்டாம் நாள் கிளிப்பச்சை, மூன்றாம் நாள் ஊதா என்று ஏழு நாளைக்கும் ஏழு நிறம் குறித்தார். பதினெட்டுப் பேரும் ஒரே நிறத்தில் நின்றால் படத்துக்கு நல்லாயிருக்குமாம். பெரிய இரவு விருந்துக்குக் காஞ்சிபுரம். கப்பல்காரர் நீச்சலுடை கொண்டுவரச் சொல்லியிருந்ததால் அதைப் பத்தாவது வரியாகப் போட்டிருந்தேன்.

"குணவதி, பத்தாவதை வெட்டும். எங்கட பிள்ளையள் ஒருத்தியும் தண்ணிக்குள்ள இறங்கப் போறேல்லை" என்றார் அக்கா. பிள்ளைகள் எல்லாருக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் வெட்டியதோடு விட்டிருக்கலாம். ராசாவை மிஞ்சிய விசுவாசத்தில், 'குளிக்கிற உடுப்புத் தேவையில்லை' என்று அந்த இடத்தில் எழுதி வட்ஸ்அப்பில் போட்டேன்.

அன்று பின்னேரமே செலீன் போன் எடுத்தாள்.

"குணா, பத்தாவது வரி ஆற்ற யோசனை?"

"ஏன்?"

"சும்மாதான். ஆருக்கும் ஆசை வந்தால்?"

"அறுபது வயசில ஆருக்கு வரப்போகுது?"

வழியில் வருகிற ஸ்பெயின் தீவான மல்லோர்க்காவில் கப்பல் எத்தனை மணித்தியாலம் நிற்கும் என்று கேட்டாள். ஒன்பது என்றேன். துறைமுகத்துக்குக் கிட்டக் கடற்கரை இருக்குதா என்று கேட்டாள். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. விளங்குகிற ஆளென்றால் சங்கத்தில் என்னைச் செயலாளராக வைத்திருக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு அவளுடைய ஓட்டம் தொடங்கியது. செலீனிடம் மூன்று வகை உடுப்புத்தான் இருந்தது. வேலைக்கு வெள்ளைக் கோட்டும் தலைமயிரை மூடும் வலையும், மண்டபத்துக்குச் சேலை, வீட்டுக்குத் தொளதொளத்த சோட்டிக் கவுன். கைவீசிச் சும்மா நடந்து திரிவதற்கென்று ஒரு உடுப்பு அவளிடம் இல்லை, ஏனென்றால் சும்மா நடந்து திரிந்த ஒரு நாள் அவளிடம் இருந்ததில்லை. எங்களில் பாதிப்பேரின் அலுமாரியைத் திறந்தாலும் இதுதான் கதை. ஆகவே வாங்கினாள். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தாள். திரும்ப வாங்கினாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் கனடாவில் முதலில் படித்த பாடம், விலைத்துண்டை வெட்டாதே என்பது. வெட்டாத வரைக்கும் திருப்பிக் கொடுக்கலாம். கலியாணவீட்டில் விலைத்துண்டைக் கக்கத்துக்குள் மறைத்து உடுத்திவிட்டுத் திங்கட்கிழமை கடைக்குக் கொண்டுபோகிறவர்களை எனக்குத் தெரியும். செலீன் அவ்வளவுக்கு மோசமில்லை. ஆனால் அவளுடைய அலுமாரியில் பத்து வருடமாக விலைத்துண்டோடு தொங்குகிற சட்டைகள் உண்டு. ஒரு பிஸ்கற் ரின் நிறையக் கடைகள் தந்த றிசீற் வைத்திருக்கிறாள். "மனசு மாறினால்?" என்பாள். அமிர்தநாதர் என்னிடம் சொன்னார்: "உவ பெட்டி அடுக்கிறதைப் பாத்தே எனக்குக் களைச்சுப் போச்சு, குணவதி. காலமை வைக்கிறா, பின்னேரம் எடுக்கிறா. உந்தக் கப்பல் எப்ப வெளிக்கிடும்?"

வைகாசியில் ஒரு சனிக்கிழமை மோலுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். அவளுக்குக் கார் ஓடத் தெரியாது. ஒரு உடுப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். கடையில் இருந்த பெட்டை செலீனைக் கண்டதும் சிரித்து, "இதுவா திரும்பவும்?" என்று இங்கிலிசில் கேட்டாள். பையிலிருந்து வெளியே வந்தது கருநீலத்தில் ஒரு சுவிம்சூட். அரைக்கை வைத்தது, முழங்கால் வரைக்கும் நீண்டது. எங்கள் சேலைச் சட்டைகளைவிட அது நூறு மடங்கு அடக்கமானது. மூன்றாம் தரம் வாங்கி மூன்றாம் தரம் கொடுக்கிறாள்.

கார் நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்தும் அவள் உள்ளே ஏறவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"குணா, பதின்மூண்டு வயசுக்குப் பிறகு கடல் என்ர முழங்காலுக்கு மேல வந்ததில்லை."

ஊர்காவற்றுறையில் அவளுடைய வீட்டுப் படலையைத் திறந்தால் கடல். சின்ன வயதில் தகப்பன் வள்ளத்திலிருந்து அவளைத் தூக்கித் தண்ணீரில் போடுவாராம். அவள் சிரித்துக்கொண்டு மிதப்பாளாம். பெரிய பிள்ளையானதும் தாய் மறித்துவிட்டாள். அதோடு சரி. பிறகு கொழும்பு, பிறகு இங்கே பனி, வேலை, வீட்டுக்கடன், பிள்ளைகள்.

"இஞ்ச வாவி இருக்குத்தானே?" என்றேன்.

"அது உப்பில்லாத தண்ணி. அதுவும் ஐஸ். எனக்கு மிதக்கத் தெரியும் குணா. இப்பவும் தெரியுமோ எண்டுதான் தெரியேல்லை. முழங்காலும் போகுது. இந்த முறை இறங்காட்டில் இனி எப்ப?"

"பிறகேன் திருப்பிக் குடுத்தனி?"

அவள் என்னைப் பார்த்தாள். "உங்கள் பதினேழு பேருக்கும் முன்னால நான் கடலில இறங்கினால் என்ன கதைப்பினம் எண்டு உனக்குத் தெரியாதே?"

தெரியும். அவளுடைய தகப்பன் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகிறவர். கொன்வென்ற்றில் அவள் அதைச் சொன்னதில்லை, நாங்கள் கேட்காமல் விட்டதுமில்லை. காலமை பஸ்ஸில் வந்து அவள் வகுப்புக்குள் கால் வைத்ததும் பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல் எழும்பும்: "யன்னலைத் திறவுங்கோடி." வகுப்பே சிரிக்கும். அவள் தலை குனிந்து இருப்பாள். எப்போதும் எங்களைவிட வெள்ளையாகத் தோய்த்த சீருடை, எங்களைவிட இறுக்கிய பின்னல். அந்தப் பகிடியை முதல் முதல் சொன்னது நான். எனக்கு அப்போது பதின்மூன்று வயது என்று சொல்லித் தப்பலாம். அவளுக்கும் பதின்மூன்றுதான்.

இதை அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். பத்தாவது வரியை மாற்றுகிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். "ஏறு, நேரம் போகுது" என்றேன். வீட்டுக்கு வந்ததும் எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. போனை எடுத்துப் பட்டியலைத் திறப்பதும் மூடுவதுமாக ஒரு கிழமை போனது.

விமானத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது மெற்றில்டா அக்கா வீட்டில் பெட்டி நிறுக்கக் கூடினோம். அமிர்தநாதர் செலீனை இறக்கிவிட்டு, பெண்கள் கூட்டத்துக்குப் பயந்து காரிலேயே இருந்துவிட்டார். பதினெட்டுப் பெட்டியும் வரவேற்பறையில் வரிசையாக நின்றன. கொக்கித் தராசு என் கையில். அடையாளத்துக்குப் பிடியில் கட்டச் சிவப்பு ரிபனும் கத்தரிக்கோலும் கொண்டுபோயிருந்தேன். ஆளுக்கு இருபத்து மூன்று கிலோ. அக்காவின் பெட்டி இருபத்தெட்டு காட்டியது. செலீனின் பெட்டி பதினாறு.

"செலீன், உம்மட பெட்டியில இடம் கிடக்கு. என்ர அஞ்சு சீலையை வையும்" என்றார் அக்கா. கேட்கவில்லை, சொன்னார். செலீன் எழும்புவதற்குள் அவரே பெட்டியைத் திறந்துவிட்டார்.

நான் பார்த்த பெட்டிகளில் அவ்வளவு நேர்த்தியான பெட்டி இல்லை. தட்டு அடுக்குகிற கை. மஞ்சள், பச்சை, ஊதா என்று நாள்வாரியாக ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருந்தது. அக்கா சேலைகளைச் செருக ஒரு மூலையை விலக்கினார். கருநீலம் வெளியே வந்தது, விலைத்துண்டு ஆடிக்கொண்டிருந்தது. நாலாம் தரமும் வாங்கியிருக்கிறாள்.

அக்கா அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். "இது ஆருக்கு?"

'மகளுக்கு' என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். பெட்டியில் சோதனை வந்தால் சொல்ல அந்தப் பொய்யை அவள் ஆயத்தமாக வைத்திருந்ததாகப் பிறகொருநாள் என்னிடம் சொன்னாள்.

"எனக்குத்தான் அக்கா."

"பட்டியலில இது இல்லையே?"

"இல்லைத்தான்."

அக்கா எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். "கொப்பற்ற தொழில் விட்டுப்போகேல்லைப் போல" என்றார். பிறகு குரலைக் கொஞ்சம் உயர்த்தி, "யன்னலைத் திறவுங்கோடி" என்றார்.

அந்தப் பகிடி மேல்வகுப்பு வரைக்கும் போனது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்கு முகமெல்லாம் சுட்டது. நாற்பத்தேழு வருடத்துக்கு முன் நான் சொன்ன சொல், கடல் தாண்டி, அந்தக் கம்பளம் விரித்த அறையில் என் கண்முன்னால் அவளை இன்னொரு தரம் அடித்தது.

செலீன் நின்றாள். முதல்தரமாக அவள் அசையாமல் நிற்பதைப் பார்த்தேன்.

"ஓம் அக்கா. அப்பர் கடலுக்குப் போனவர். அந்தக் காசிலதான் உங்களோட படிச்சனான். நான்தான் இன்னும் போகேல்லை."

பிறகு என் பக்கம் கையை நீட்டினாள். "குணா, கத்தரிக்கோலைத் தா."

கொடுத்தேன். அவள் அக்காவின் கையிலிருந்து உடுப்பை வாங்கினாள். வெட்ட வசதியாக விலைத்துண்டை நான் பிடித்துக்கொண்டேன். பிளாஸ்ரிக் நூல் 'டிக்' என்று அறுந்தது. அதன் அர்த்தம் அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். செலீன் உடுப்பை மடித்துப் பெட்டியின் மேலேயே, நடுவில் வைத்தாள். அக்காவின் ஐந்து சேலையையும் எடுத்து அவருடைய மடியில் வைத்தாள்.

"உங்கட சீலையளுக்கு இதில இடமில்லை அக்கா" என்று சொல்லிப் பெட்டியைப் பூட்டினாள். நான் பிடியில் ரிபனைக் கட்டினேன்.

பெட்டியை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தோம். தெருவோரம் காருக்குள் அமிர்தநாதர் வாயைத் திறந்தபடி நித்திரை. அந்த இடத்தில் நான் சொன்னேன்.

"செலீன், யன்னலைத் திற எண்டு அப்ப முதல் சொன்னது நான்தான்."

"தெரியும்" என்றாள். "உன்ர குரல் எனக்குத் தெரியாதே?"

நாற்பத்தேழு வருடம். என் கலியாணத்துக்குப் பலகாரம் சுட்டவள், என் மூத்தவன் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் நின்றவள். எல்லாம் தெரிந்தே செய்திருக்கிறாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் காத்திருக்கவுமில்லை. கைப்பையைத் துழாவி றிசீற்றை எடுத்து, நான் கையோடு கொண்டுவந்த விலைத்துண்டோடு சேர்த்து என் உள்ளங்கையில் பொத்தினாள்.

"இதை நீ வைச்சிரு. நான் கேட்டாலும் தராதை."

அடுத்த நாள் காலை ஏழு மணிக்குக் கேட்டாள். நான் கொடுக்கவில்லை.