காதோரம் இன்னும் கொஞ்சம்

தலையைக் கொடுத்தவன் வாயையும் கொடுப்பான் என்பது சலூன்காரரின் அனுபவம். கழுத்தில் துணியைக் கட்டி, தண்ணீர் தெளித்து ஒரு தரம் சீவிவிட்டால் போதும். ஊமை மாதிரி உள்ளே வந்தவன்கூட, வீட்டுச் சண்டை முதல் வயிற்று வலி வரை கொட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பான். தெருவில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது அவருக்கு அத்துப்படி. வெளிநாட்டில் படிக்கும் சொந்த மகனின் கதைதான் தெரியாமல் போயிற்று.

போன புதிதில் பையன் வாரம் தவறாமல் வீடியோவில் வந்து, ஜன்னல், கட்டில், வெளியே கொட்டுகிற பனி என்று எல்லாவற்றையும் காட்டினான். பிறகு படம் நின்றுவிட்டது. குரல் மட்டும் வந்தது. "நல்லா இருக்கேன்பா." "சாப்பிட்டேன்பா." "வச்சிடட்டுமாப்பா?"

"கேமராவைப் போடேன்டா, முகத்தைப் பாக்கலாம்."

"நெட்டு சரியில்லப்பா."

பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அக்காவிடம் போய்ப் புலம்பினார். "எதையோ மறைக்கிறான்க்கா. உடம்பு கிடம்பு சரியில்லையோ என்னவோ. வேலையே ஓட மாட்டேங்குது."

"ஊரார் தலையெல்லாம் உன் கையில. பெத்த பிள்ளை மூஞ்சியைப் பாக்க அழுதுக்கிட்டு நிக்கிற. போனைக் குடு இப்படி."

மத்தியானம், கூட்டம் இல்லாத நேரம். பஸ் டிரைவர் ஒருவர் மட்டும் முகமெல்லாம் நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஒரு கன்னம்தான் மழித்திருந்தது. அக்கா போனைக் கண்ணாடியில் சாய்த்து வைத்தார்.

"டேய், அத்தை பேசறேன். படத்தைப் போடறியா, நான் பிளேன் ஏறி வரட்டுமா?"

"ஐயோ அத்தை, நீங்க வந்தா இந்த ஊரு தாங்காது."

"அப்ப போடு."

படம் வந்தது. பையன் நன்றாகத்தான் இருந்தான். கன்னம்கூடப் பூசியிருந்தது. தலையில் மட்டும் ஒரு குல்லா.

"வீட்டுக்குள்ள எதுக்குடா குல்லா?"

கழற்றினான். ஒரு பக்கம் புதர். மறு பக்கம் எலி கடித்த பாய்.

"யாருடா வெட்டினது?" என்றார் சலூன்காரர்.

"நானேதான்பா. உங்களைத் தவிர யாரும் என் தலையில கை வச்சதில்லையா, வேற கடைக்குப் போக மனசு வரல. நீங்க பாத்தா திட்டுவீங்கன்னுதான் கேமராவை மூடி வச்சேன். வளர்ந்துடும்னு பாத்தேன். கோணலா வளர்ந்துச்சு. மறுபடி வெட்டினேன்."

மலை போல வந்தது பனி போல நீங்கிற்று. சலூன்காரர் நீளமாக மூச்சு விட்டார். உடனே தொழில் தலைக்கேறிவிட்டது. மகனுக்குப் பின்னால், தமிழ் தெரியாத ஒரு நெட்டையன் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அறையில் கூட இருப்பவன்.

"அந்தத் தம்பி கையில கத்தரியைக் குடு. நான் சொல்றதை அவருக்கு அப்படியே சொல்லு."

"அப்ப என் மறு கன்னம்?" என்றார் டிரைவர்.

"அது எங்கண்ணே ஓடிடப் போகுது? வலப்பக்கம்டா, நல்லா இறக்கச் சொல்லு!"

தொழிலுக்கு வந்த நாள் முதல் அவர் கண்ணாடியைப் பார்த்தே வெட்டிப் பழகியவர். கண்ணாடியில் வலப்பக்கம் தெரிவது வலப்பக்கமே. போனிலோ அது எதிரே நிற்கும் ஆளைப் பார்ப்பது போல, வலம் இடமாகிவிடும். நெட்டையன் சொன்னபடி செய்தான். எலி கடித்த பக்கம் மொட்டையாயிற்று. புதர் அசையாமல் நின்றது.

"நிறுத்து, நிறுத்து! அந்தப் பக்கம் இல்லடா!"

"நீங்கதானேப்பா வலதுன்னீங்க!"

"குதிரை கீழ தள்ளினது பத்தாதுன்னு குழியும் பறிச்சுதாம்" என்றார் அக்கா. டிரைவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் நுரை கண்ணாடியில் தெறித்தது. அங்கே பையனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

வேறு வழியில்லை. நெட்டையனின் தாடி மெஷினைப் போட்டு எல்லாவற்றையும் ஒட்ட எடுக்கச் சொன்னார். முடி விழ விழ உச்சியில் ரெட்டைச் சுழி எட்டிப் பார்த்தது. சலூன்காரர் விரலால் திரையை மெல்லத் தடவினார்.

தலையைக் கொடுத்தவன் வாயையும் திறந்தான். நெட்டையன் விடும் குறட்டை, கோபக்காரப் பேராசிரியை, பாதை தவறிப் பேருந்தில் ஊர்க்கோடிக்கே போனது, முதல் பரீட்சையில் கோட்டைவிட்டது, அதற்காக ஒருநாள் அழுதது, அடுத்ததில் பிடித்துக்கொண்டது என்று ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. சலூன்காரர் நடுநடுவே "ம்" மட்டும் கொட்டினார்.

மெஷின் நின்றது. பையன் வழவழவென்றிருந்த தலையைத் தடவிப் பார்த்தான். "முடிஞ்சுதாப்பா? வச்சிடட்டுமா?"

"இருடா. காதோரம் இன்னும் கொஞ்சம் இருக்கு. அப்புறம், அந்தப் பேராசிரியை என்ன சொன்னாங்க?"

அக்கா திரைக்குள் குனிந்து பார்த்தார். காதோரம் மருந்துக்குக்கூட முடியில்லை. வாயைத் திறந்தவர் அப்படியே மூடிக்கொண்டார்.

"இருக்கு, இருக்கு" என்றார் டிரைவர், நுரை காய்ந்த கன்னத்தோடு. "இங்கேருந்தே எனக்குத் தெரியுதே!"

நெட்டையன் மறுபடி மெஷினைப் போட்டான்.