தேதி சொல்லாத டாக்டர் சிவகௌரி

செவ்வாய்க்கிழமை காலை, சிங்கப்பூரின் தெம்பனிஸ் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது பேத்தி பிரியா தொலைபேசியில் அழைத்தாள். டாக்டர் சிவகௌரி காலமாகிவிட்டாராம். மாரடைப்பு. முந்தின நாள்கூட என்னோடு பேசிச் சிரித்தவர். வெட்டிய மீனைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பூமி அதிர்வதை ஆராய்வது அவர் தொழில். அவர் அலுவலகத்தில் தரையைச் சுத்தம் செய்வது என் தொழில். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அவர் பெயருக்குப் பின்னால் எத்தனையோ பட்டங்கள். ஆனாலும் ஆறு வயது மூத்தவள் என்பதால் என்னை மணியக்கா என்றுதான் கூப்பிடுவார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், தரைக்குப் பாலிஷ் போடும் இயந்திரத்தைக் நில அதிர்வைப் பதியும் கருவி அறையின் பக்கத்தில் ஓட்டினேன். டாக்டர் செருப்புக்கூட இல்லாமல் ஓடிவந்தார்.

"ஐயோ அக்கா, நிறுத்துங்க! சுமத்ராவுல ஏதோ ஆயிருச்சுன்னு நெனச்சிட்டேன். நீங்கதானா?"

திரையில் கோடு தாறுமாறாகக் கிறுக்கியிருந்தது. திட்டப்போகிறார் என்று நின்றேன். அவரோ சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கிறுக்கலை அச்செடுத்து, "மணியக்கா, காலை பத்தேகால்" என்று எழுதிச் சுவரில் ஒட்டினார். அதற்குப் பிறகு கருவியைப் பழுது பார்த்து முடித்தால் என்னைத்தான் அழைப்பார். "அக்கா, ஒரு மிதி மிதிங்க." நான் குதிகாலால் ஓங்கி மிதிப்பேன். கோடு துள்ளும். "உயிரோட இருக்கு," என்பார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் பிரியாவுக்குத் திருமணம். லிட்டில் இந்தியாவில் மண்டபம், சனிக்கிழமை பதினொரு மணிக்கு முகூர்த்தம். அந்த வாரம் சுமத்ராவில் நிலம் நடுங்கி, எங்கள் பதினாறாம் மாடி வீட்டில் விளக்கு ஆடியது. மறுநாள் எல்லார் கைபேசியிலும் ஒரு செய்தி வந்தது. யாரோ வெளிநாட்டு விஞ்ஞானி கணித்திருக்கிறாராம், சனிக்கிழமை பதினொன்றே காலுக்குப் பெரிய நிலநடுக்கம் வருமாம்.

மாப்பிள்ளையின் பெரியப்பா புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து கிளம்பி வந்துவிட்டார். "தள்ளி வைப்போம்லா. இல்ல, உங்க டாக்டர் வராதுன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும்."

அந்தச் சம்பந்தத்தில் அவருக்கு முதலிலிருந்தே அரை மனதுதான். தள்ளிவைத்தால் கல்யாணம் நின்றே போகும். நான் டாக்டரைத் தொலைபேசியில் அழைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தேன்.

"டாக்டர், வராதுன்னு மட்டும் சொல்லிருங்க. போதும்."

"சொல்ல மாட்டேன் அக்கா."

"என் பேத்தி கல்யாணம் டாக்டர்!"

"தெரியும்க்கா. அதுக்காகப் பொய் சொல்ல முடியாது. எந்த எடத்துல ஆபத்து அதிகம்னு சொல்லுவோம். அங்க ஆட ஆரம்பிச்சிருச்சுன்னா, அந்த அதிர்வு இங்க வர்றதுக்குள்ள சொல்லிரலாம். ஆனா இந்த நாள், இந்த மணின்னு முன்னாடியே சொல்ல இன்னிக்கு யாராலயும் முடியாது. தேதி போட்டவன் புளுகுறான். வராதுன்னு நான் சொன்னா, நானும் புளுகுறேன்."

பெரியப்பா சிரித்தார். "இத சொல்லவா இவ்ளோ படிச்சீங்க?"

"ஆமா சார். தெரியாதுன்னு தைரியமா சொல்றதுக்கும் படிக்கணும். சனிக்கிழமை பதினொண்ணே காலுக்கு நான் மண்டபத்துல முன்வரிசைல இருப்பேன். எங்கம்மாவையும் கூட்டிட்டு வர்றேன்."

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. ஆனால் எண்பத்தேழு வயது அம்மா வருகிறார் என்று கேட்ட பிறகு பெரியப்பாவால் பின்வாங்க முடியவில்லை.

சொன்னபடியே டாக்டர் வந்தார். அம்மாவின் சக்கர நாற்காலியை மண்டபத்தின் பெரிய சரவிளக்குக்கு நேர் கீழே நிறுத்தி, பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். பெரியப்பா செருப்பைக் கழற்றாமல் வாசலோரமே நின்றார். தாலி ஏறியது. பதினொன்றே கால் வந்தது, போனது.

பெரியப்பா உள்ளே வந்தார். "பார்த்தீங்களா டாக்டர், உங்க வாக்கு பலிச்சிருச்சு!"

"நான் எங்க சார் வாக்கு கொடுத்தேன்? இன்னிக்கு வரல, அவ்ளோதான். வந்திருந்தாலும் நான் சொன்னது சொன்னதுதான். போய் பாயசம் சாப்பிடுங்க."

தனக்குச் சேராத பெருமையை அவர் கையாலும் தொடவில்லை.

அவர் இறந்த மறுநாள், புதன்கிழமை, அவருடைய அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உடலை வைத்திருந்தார்கள். அங்கேயும் பெரியப்பா பக்கத்திலிருந்தவரிடம் சொல்கிறார், "பாவம், எவ்ளோ படிச்சவங்க. ஒரு நிலநடுக்கத்தக்கூட முன்னாடி சொன்னதில்ல."

நான் எழுந்துவிட்டேன்.

"இருங்க சம்பந்தி. தேதி போட்டவன் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா? அவன் மண்டபத்துக்கு வந்தானா? தெரியாதுன்னு சொன்ன இவங்கதான் பெத்த தாயோட சரவிளக்குக்குக் கீழ வந்து உட்கார்ந்தாங்க. அதனாலதான் உங்க வீட்டுக்கு மருமக வந்தா."

டாக்டரின் தாயார் சக்கர நாற்காலியிலிருந்து கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உடல் வைத்த பெட்டியை வண்டியில் ஏற்றியதும் நான் செருப்பைக் கழற்றினேன். எழுபத்தொரு வயது, முட்டி வலி. இருக்கட்டும். குதிகாலால் சிமெண்டுத் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

உங்கள் அறையில் கோடு துள்ளியிருக்கும் என்று எழுத ஆசைதான், டாக்டர். எனக்குத் தெரியாது. தெரியாது என்றே எழுதுகிறேன். போய் வாருங்கள்.