கால் வந்த பக்கம்

போன வருஷம், ஒரு மழைக்காலச் சனிக்கிழமை. நுவரெலியாவில் ஒரு மைதானத்தில் நடந்தது. இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

நான் கொட்டகலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பழக்கமில்லை. என் மகள் பள்ளிக்கூடத்து பேஸ்போல் அணியில் பந்து வீசுகிறாள். இடதுகைக்காரி. பெண்பிள்ளைகளுக்குத் துணையாக ஒரு தாய் வரவேண்டும் என்று டீச்சர் சொன்னதால், அன்று வேலைக்குப் போகாமல் அவர்களோடு பஸ் ஏறினேன்.

அந்த விளையாட்டில் எனக்கு ஒரே ஒரு விதிதான் தெரியும். ஓடுகிறவர்கள் நின்று நின்று போகும் இடம்தான் பேஸ். முதல் பேஸில் நிற்கும் எதிரணிப் பிள்ளை, அடுத்த பேஸுக்கு ஓடுவதற்காகக் கொஞ்சம் விலகி நிற்பாள். பந்து வீசுகிறவள் அடிப்பவளுக்கு வீசப் போவதுபோலக் காலைத் தூக்கி, சட்டென்று முதல் பேஸுக்கு எறிந்து அவளை அவுட்டாக்கலாம். ஆனால் தூக்கிய கால் முதல் பேஸ் பக்கமாக இறங்க வேண்டும். அடிப்பவள் பக்கம் இறங்கினால் பிழை. அதை 'பால்க்' என்பார்கள். அப்போது பேஸ்களில் நிற்கிறவர்கள் எல்லாரும் சும்மாவே ஒரு பேஸ் முன்னால் போகலாம்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், எங்கள் லயத்து வரிசைவீட்டு வாசலில் அவள் பழகும்போது முதல் பேஸ் நான்தான். வேலை விட்டு வந்து தண்ணி கொட்டும் பீலிக்குப் பக்கத்தில் போய் நிற்பேன்.

"பேஸ் அசையக் கூடாதும்மா."

"பேஸுக்குக் கால் கடுக்குதுடி. சோறு யாரு ஆக்குறது?"

"கால் எந்தப் பக்கம் வந்துச்சுன்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

சரிவில் கொழுந்து எடுக்கிறவளுக்குக் காலை எங்கே வைக்கிறோம் என்பதுதான் முதல் கவனம். அதனால் அதைப் பார்ப்பது எனக்குச் சிரமமாக இல்லை.

அன்று கடைசிச் சுற்று. இரண்டு அணியும் சமம். ஜெயிக்கிற பள்ளிக்கூடம் மாகாணப் போட்டிக்குப் போகும். டவுன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் அவுட். முதல் பேஸில் ஒருத்தி, மூன்றாவதில் ஒருத்தி. இன்னொருத்தி அவுட்டானால் ஆட்டம் நீளும். மூன்றாவதில் நிற்கிறவள் அடிக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தால் அவர்களுக்கு ஒரு ஓட்டம், எங்கள் கதை முடிந்தது.

மகள் காலைத் தூக்கினாள். முதல் பேஸுக்கு எறிந்தாள். அங்கே விலகி நின்ற சிங்களப் பிள்ளை திரும்புவதற்குள் எங்கள் பிள்ளை பந்தால் தொட்டுவிட்டாள். நாங்கள் கைதட்டினோம்.

நடுவர் 'பால்க்' என்றார். மூன்றாவதில் நின்றவள் நடந்தே வந்து ஜெயித்தாள்.

டீச்சர் ஓடிப்போய் நியாயம் கேட்டார். "அடிக்கிற பிள்ளையைப் பார்த்துக்கிட்டே அங்க எறியுறா. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கள்ள வேலையெல்லாம் யாரு பழக்குறது?" என்றார் நடுவர். முகம் எங்கே பார்த்தால் என்ன? விதி காலுக்குத்தானே?

அவுட்டான அந்தச் சிங்களப் பிள்ளையே அவரிடம் வந்தாள். "அவ கால் என் பக்கம்தான் வந்துச்சு சேர். நான் அவுட்" என்று சிங்களத்தில் சொன்னாள். அவளுடைய அணி ஜெயித்துக் குதித்துக்கொண்டிருந்த நேரம் அது. உன்னை யாரும் கேட்கவில்லை, போய் வரிசையில் நில் என்று அவளை விரட்டினார் நடுவர்.

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. மைதானத்துக்குள் போய், "சேர், ஈரத்துல கால் தடம் இருக்குங்க. ஒருக்காப் பாருங்க" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. முதல் பேஸ் பக்கமாக என் மகளுடைய சப்பாத்துத் தடம் சேற்றில் அச்சாகக் கிடந்தது. அவர் குனியவே இல்லை. அதன் மேலேயே மிதித்துக்கொண்டு போனார்.

திரும்பும் பஸ்ஸில் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, "பேஸே நடந்து வந்து பேசிருச்சுன்னு புள்ளைங்க சிரிக்கிறாளுகம்மா" என்றாள்.

"அசையக் கூடாதுன்னு சொன்ன. அசைஞ்சுட்டேன்."

இப்போதும் சாயந்தரத்தில் பீலிப் பக்கம் நிற்கிறேன். அவள் எறிந்ததும் போய்க் குனிந்து தடத்தைப் பார்க்கிறேன். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆவதில்லை என்பதுதான் ஒவ்வொரு தடவையும் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்புகிறது.