தம்பி தாழ்த்திய வண்டி

சின்னக் காரின் ஸ்பிரிங்கை அறுத்து வண்டியைத் தாழ்த்தலாமா என்று யாராவது என்னிடம் கேட்டால், அந்த வண்டியில் யார் உட்காரப் போகிறார்கள் என்று திருப்பிக் கேட்பேன். என் தம்பியிடம் கேட்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. மகராசன் யாரையும் கேட்காமலே அறுத்துவிட்டான். அதுவும் தன் வண்டியை இல்லை, நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பாவின் வண்டியை. நைனா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்து திருப்பதி ஆஸ்பத்திரி மாடியில் படுத்திருந்த நேரம் பார்த்து இந்த வேலை நடந்தது.

நைனா எம்.ஆர்.ஓ. ஆபீசில், அதாவது தாசில்தார் ஆபீசில், குமாஸ்தாவாக இருந்து ரிடையர் ஆனவர். ஆயுசில் ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பெரிய சாமான் அந்த வெள்ளைக் கார்தான். சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்க விடமாட்டார். வெயில் காலத்தில் இறங்கும்போது சட்டை ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம் என்று பிய்த்துக்கொண்டு வர வேண்டும். வண்டியை ஓட்டுவதும் பார்த்துக்கொள்வதும் நான்தான். சித்தூரிலிருந்து குடிபாலாப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சர் வேலைக்குத் தினமும் அதில்தான் போய்வருவேன். வண்டி சூடாவதற்கு முன்னால் ஆயில் பார்ப்பேன், டயருக்குக் காற்று பார்ப்பேன், ஏர் ஃபில்டரில் மண் சேரவிட மாட்டேன், கிளட்ச் மேலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்ட மாட்டேன். இவ்வளவு செய்தாலே சின்ன வண்டி மாடாக உழைக்கும். இதில் போட்டோ எடுத்துப் போட்டு லைக் வாங்க ஒன்றுமில்லை என்பதுதான் என் தம்பிக்குக் குறை.

தம்பி ஏர்பேடு பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான், திருப்பதியில் ரூம். நைனாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்று வந்தான். நான் லீவு போட்டு ஆஸ்பத்திரியிலேயே கிடந்தேன். என் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டான். "சும்மாதானக்கா நிக்குது, சர்வீஸ் வுட்டு எடுத்தாரேன்" என்றான். நல்ல புத்தி வந்துவிட்டதே என்று நானும் கொடுத்தேன். அதன்பிறகு ஆளையே காணோம். போன் போட்டால், "வேல டைட்டுக்கா, ஞாயித்துக்கிழம வரேன்க்கா." ஞாயிற்றுக்கிழமைகள்தான் வந்துபோயின.

நைனாவுக்கு இருந்தது ஒரே ஆசை. "என்னிய என் வண்டியிலயே கூட்டிக்கினு போயிடுங்கமா. ஆம்புலன்ஸ்ல படுத்துக்கினு போனா, சபையில நான் போயிட்டேன்னு நெனச்சிக்குவாங்க" என்பார். அதில் நியாயம் இருந்தது. எங்கள் சபையில் ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வருகிறவர் நேராக வீட்டுக்குப் போய்விட முடியாது. வண்டி முதலில் சர்ச் காம்பவுண்டுக்குள் போக வேண்டும். போதகர் ஸ்தோத்திர ஜெபம் செய்வார், பாட்டுக் குழு பாடும், எந்த எலும்பு, எத்தனை தையல் என்று விசாரித்து முடித்த பிறகுதான் அனுப்புவார்கள்.

டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: உட்காரும்போது முட்டி இடுப்பைவிட மேலே போகக்கூடாது, தாழ்வான இடத்தில் உட்காரவே கூடாது. உட்கார்ந்தால் புதிதாக வைத்த மூட்டு நழுவிவிடும், மறுபடியும் அறுக்க வேண்டியதுதான். இதைத் தம்பிக்குப் போனில் இரண்டு தடவை சொன்னேன். "சரிக்கா, சரிக்கா" என்றான். பின்னால் ஏதோ மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. கம்பெனியில் இருக்கிறான் பாவம் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியை என்ன சொல்ல!

டிஸ்சார்ஜ் அன்று ஆஸ்பத்திரி வாசலில் நைனாவை வீல் சேரில் வைத்துக்கொண்டு நின்றோம். வண்டி வருமுன் சத்தம் வந்தது. சைலன்சரை மாற்றியிருந்தான். தெருநாய்கள் எழுந்து ஓடின. அப்புறம் வந்தது வண்டி, ஜெபத்துக்கு மண்டி போட்டதுபோல் தரையோடு தரையாக. பெரிய அலாய் வீல், அதன்மேல் வடை ஓரம் மாதிரி மெல்லிசாக டயர். பின்னால் ரெக்கை. சிவப்புக் கோடு. கறுப்புக் கண்ணாடி. உள்ளே முன்சீட்டு இரண்டும் குழியாக, பள்ளமாக, தொட்டில் போலக் கிடந்தன.

நைனா கொஞ்ச நேரம் பார்த்தார். "யாருதுடா இது?"

"உன்துதான் நைனா! சர்ப்ரைஸ்! சபையே மிரண்டுடும் பாரு!"

ஃபிசியோதெரபி செய்யும் பெண் கூடவே வந்திருந்தாள். குனிந்து சீட்டைப் பார்த்தாள், நைனாவின் இடுப்பைப் பார்த்தாள். "வத்து மேடம், வத்து" என்று தெலுங்கில் தடுத்து, வீல் சேரைப் பின்னால் இழுத்துவிட்டாள். "இதுல குந்தவெச்சா முட்டி நெஞ்சுக்கு வரும். மூட்டு பட்டுனு வெளிய வந்துடும்."

"தலகாணி போட்டுக்கலாம்" என்றான் தம்பி.

"சறுக்குது சார் சீட்டு."

"இது ரேஸ் ஓட்றவங்க குந்துற சீட்டுங்க!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நைனா எந்த ரேசுக்குடா பேர் குடுத்துக்கீறாரு? பழைய சீட்டு எங்கடா?"

"கடையில எடுத்துக்கினாங்கக்கா."

"ஸ்பிரிங்கு?"

"அறுத்தாச்சிக்கா. அறுத்தத ஒட்ட முடியாது."

நல்லவேளை, திருப்பதியில் உயரமான டாக்ஸிக்குப் பஞ்சமில்லை. மலைக்குப் பக்தர்களை ஏற்றிப் போகும் வண்டி ஒன்று கிடைத்தது. சீட் சரியாக இடுப்பு உயரம். கண்ணாடி முழுக்கப் பட்டை நாமம், முன்னால் சாமந்தி மாலை. டிரைவர் நைனாவைக் கண்ணாடிப் பாத்திரம் போலத் தூக்கி முன்சீட்டில் வைத்தார். மெதுவாக, பள்ளம் பார்த்து ஓட்டினார். நைனா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் கண்ணை மூடினார். பின்னால் தம்பியின் வண்டி ஒவ்வொன்றிலும் குறுக்காக ஏறி, வயிறு தேய்த்து, அலறிக்கொண்டு வந்தது. பாகாலா தாண்டியதும் அந்தச் சத்தமும் கேட்கவில்லை.

சர்ச் காம்பவுண்டுக்குள் நாமம் போட்ட வண்டி நுழைந்ததும் பாட்டுக் குழு ஒரு நிமிஷம் சுருதி விட்டது. நைனா இறங்குவதைப் பார்த்ததும் மறுபடி பிடித்துக்கொண்டார்கள். போதகர் சிரித்துக்கொண்டே, பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்த டிரைவருக்கும் சேர்த்து ஜெபம் செய்தார். டிரைவரும் கைகூப்பி நின்றார். உயரமான நாற்காலியில் நைனாவை உட்காரவைத்தோம். மூட்டு அசையவில்லை. அப்பாடா என்று இருந்தது.

அப்போதுதான் வாசலில் ஒரு சத்தம். கேட் மேட்டில் ஏறிய தம்பியின் வண்டி வயிறு தட்டி, முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் நின்றுவிட்டது. சபை மிரளும் என்றானே, மிரளவில்லை. பாட்டுக் குழுவின் ஆண்பிள்ளைகள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்த் தூக்கினார்கள். வண்டி வாங்கிய நாளிலிருந்து நான் ஆயில் பார்த்து, காற்று பார்த்து வைத்திருந்த வண்டி.

தம்பி வியர்த்துப்போய் வந்து நைனாவின் பக்கத்தில் தரையில் குந்தினான்.

"கோச்சிக்காத நைனா. உனுக்காகத்தான் பண்ணேன். சத்தியமா."

"எங்கடா கீது அந்தக் கட?"

"ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவுதான் நைனா. லீவு போட்டுக்கினு தெனம் கூடவே நின்னு பண்ணேன். அவங்கள நம்ப முடியாதுல்ல?" பெருமையாகத்தான் சொன்னான்.

அவனைக் கிழித்துத் தோரணம் கட்ட வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் நைனா அவன் தலையில் கையை வைத்தார்.

"தெனமும் அவ்ளோ கிட்ட வந்துக்கினு இருந்தியே, கண்ணு. ஒரு நாளு மாடியேறி வந்து என் பக்கத்துல இப்பிடி குந்தியிருக்கலாமேடா."