கையால் முறுக்கிய போல்ட்

அன்று காலை கட்டடத்துக்குக் கீழே, வண்டி நிறுத்தும் இடத்தில் இருந்தவர்கள். அண்ணன், பிளாஸ்டிக் நாற்காலியில். என் மனைவி, கையில் சந்தனக் கிண்ணத்தோடு. நான், எஞ்சினுக்குப் பக்கத்தில் தரையில் படுத்தபடி. வேறு யாரும் இல்லை.

ஆயுத பூஜை நாள். வண்டி அண்ணனுடையது. ஒன்பது வருடம் ஓடாமல் நின்ற மோட்டார் சைக்கிள். மராட்டி பேசும் தாபோடியில் அண்ணன் வீடும் என் வீடும் ஒரே மாடி. அண்ணன், ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் கட்கியில் ஓர் ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஆயுத பூஜைக்கு மறுநாள், தசராவன்று, பழைய ஆட்கள் ஆலை வாசலுக்கு எதிரே டீக்கடையில் கூடுவார்கள். ஆப்டா என்ற மரத்தின் இலையைத் தங்கம் என்று சொல்லி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்கள். அதுவரை நடந்தே போய் வந்த அண்ணன், நுரையீரல் கெட்ட பிறகு மூன்று வருடமாகப் போகவில்லை. இந்தத் தடவை போக வேண்டும், அதுவும் தன் வண்டியில் போக வேண்டும் என்றார். அடுத்த தசராவுக்கு அவர் இருக்க மாட்டார் என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். அண்ணனுக்கும் தெரியும்.

வண்டியை ஓட வைக்க இரண்டு மாதம் ஆனது. சிலிண்டரை லேத்தில் கொடுத்துக் குடைந்து, புது பிஸ்டன் போட்டேன். அண்ணன் உட்கார்ந்தபடி சொல்வார், நான் செய்வேன். ஸ்க்ரூ டிரைவர் முனையை ஓடும் எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்பார்.

"டேப்பட் அடிக்குதுடா. உனக்கு இருக்கறது காதா, கதவா?"

"சரி பண்றேன்."

"மூணு தடவ சரி பண்ணிட்ட. இன்னும் அடிக்குது."

நான்காவது தடவை தலையாட்டினார். கார்பரேட்டர் திருகைக் கால் சுற்று வெளியே எடுக்கச் சொன்னார். எஞ்சின் நிதானமானது. அண்ணன் இருமிக்கொண்டே சிரித்தார்.

பூஜையன்று ஆயிலை வடித்தேன். புது பிஸ்டன் ஓடிய முதல் ஆயிலில் இரும்புத் தூள் இருக்கும், மாற்றித்தான் ஆக வேண்டும். வடித்துவிட்டு அடி போல்ட்டைக் கையால் ஏற்றினேன். ஸ்பேனரைத் தேடினேன். இல்லை. மனைவி எல்லாவற்றையும் துடைத்து, மேலே சாமி படத்துக்கு முன் வைத்து, பொட்டும் வைத்துவிட்டாள்.

"ஒரு ஸ்பேனர் மட்டும் எடுத்துக் குடு."

"பூஜைல வெச்சத நாளைக்குத்தான் எடுக்கணும். உங்களுக்குத் தெரியாதா?"

அண்ணனும், "நாளைக்கு முறுக்கிக்கடா" என்றார். கையால் முடிந்தவரை இறுக்கினேன். புது ஆயில் ஊற்றினேன்.

மறுநாள் ஏழு மணிக்கே அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் கீழே நின்றார். பையில் ஆப்டா இலைகள். மனைவி சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். இரண்டாவது உதையில் வண்டி ஸ்டார்ட் ஆனது. அண்ணன் பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்தார். போல்ட் எனக்கு நினைவில் இல்லை.

பாலம் தாண்டினோம். சத்தம் கரகரத்தது. அண்ணன் தோளை அழுத்தினார். நான் கிளட்ச்சைப் பிடிப்பதற்குள் எஞ்சின் இறுகி, பின்சக்கரம் இழுபட்டு நின்றது. விழவில்லை.

குனிந்து பார்த்தேன். போல்ட் இருந்த இடத்தில் ஓட்டை. வந்த வழியெல்லாம் ஆயில் கோடு.

"ஆட்டோல போயிடலாம்ணே. பக்கம்தான்."

"ஆட்டோல போறதுன்னா இந்த மூணு வருசமும் போயிருக்க மாட்டனா?"

"என் தப்புண்ணே."

"நாளைக்கு முறுக்குன்னு நான்தான சொன்னேன். ஜானே தோ, விட்டுடு."

ஓரத்துக் கல்லில் உட்கார்ந்து வெகு நேரம் மூச்சு வாங்கினார். பிறகு பையிலிருந்து ஓர் இலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இந்தா, தங்கம்."

வாங்கிக்கொண்டேன். ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பினோம்.

பொங்கலுக்கு முன் அண்ணன் போய்விட்டார். காரியம் முடிந்த மறுநாள், வண்டி நின்ற இடத்துக்குப் போனேன். அங்கிருந்து ஆலை வாசல் டீக்கடை வரை நடந்தேன். காலடியை எண்ணினேன்.

ஆயிரத்து நூற்று எண்பத்தாறு.