கும்பிட எழாத கை

என் கணவர் ஓசூர் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. சாமிக்கு மார்பளவில் கைகூப்புவார். அதிகாரி வந்தால் கை தலைக்கு மேலே போய்விடும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், ஒரு மாம்பழக் காலத்தில், அவருடைய வலது தோள் இறுகிப்போனது. சட்டை மாட்டவும் தலை வாரவும் கை எழவில்லை. இரண்டையும் நானே செய்துவிட்டேன்.

வலி ஒன்றுதான், வைத்தியம் மூன்று மொழியில் வந்தது. எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மாள் வாயு என்றார். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர் சுளுக்கு என்று எண்ணெய் கொடுத்தார். நாகரசம்பட்டியிலிருந்து வந்த என் அண்ணன், கண்ணேறு என்று சொல்லி ஒரு கூடை மாம்பழத்தை இறக்கினார். வலியை மறக்க இவர் அதில் பாதியைத் தின்றார்.

அந்த வாரம் சேலத்திலிருந்து பெரிய அதிகாரி தணிக்கைக்கு வந்தார். எல்லாரும் வளைந்து கும்பிட, இவர் மட்டும் கையைத் தொங்கவிட்டு, வலியில் பல்லைக் கடித்தபடி விறைப்பாக நின்றாராம்.

"முதுகெலும்புள்ள ஆளு ஒருத்தராவது இருக்காரே" என்று சொல்லிவிட்டுப் போனார் அதிகாரி.

அன்றிலிருந்து இளைய குமாஸ்தாக்கள் இவரைக் கண்டால் எழுந்து நின்றார்கள். இவரும் நம்பிவிட்டார்.

"சுதந்திரம் வந்தாச்சு, இன்னும் என்ன கும்புடு?" என்று முழங்கினார், நான் சட்டை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தபோது.

"கையை ஆட்டாதீங்க, கிழிஞ்சிடும்" என்றேன்.

இவருடைய ஓயாத தாகமும், நிமிடத்துக்கொரு தரம் கொல்லைக்குப் போவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. கிருஷ்ணகிரி டாக்டரிடம் இழுத்துப் போனேன். அவர் சிறுநீரை நீல மருந்தில் கலந்து காய்ச்சினார். செங்கல் நிறமானது.

"சர்க்கரை வியாதி. சர்க்கரைக்காரங்களுக்குத் தோள் இப்படி இறுகறது உண்டு. ஏன்னு எனக்கே முழுசாத் தெரியாது. சும்மா வெச்சிருந்தா இன்னும் இறுகும். சுவரோரம் நின்னு, விரலால மேல மேல ஏறுங்க."

திரும்பும் பஸ்ஸில் இவர் என் காதோரம் குனிந்தார்.

"கச்சேரியில யாருக்கும் சொல்லிடாத."

"சர்க்கரையையா?"

"தோளை."

மாம்பழம் நின்றது, களியும் கீரையும் வந்தன. தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு சுவரில் விரலால் ஏறினார். முக்கால் வருஷத்தில் கை காதைத் தாண்டியது. ஆனாலும் கச்சேரியில் அவர் கும்பிடவில்லை; எடுத்த பேர் கெட்டுவிடுமாம்.

அடுத்த வருஷம் இடது தோள் பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை எண்ணெய்க்காரரைத் தேடாமல் நேரே கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறினோம்.